உப்புச் சுவரும் ஒரு மணி நேர வீடும்

பழைய வீட்டை வாங்கு, பளபளப்பாக்கு, லாபத்துக்குத் தள்ளிவிடு என்று புதியவர்களுக்குப் பாடம் நடத்துகின்றன வெளிநாட்டு ரியாலிட்டி ஷோக்கள். அதே பாடத்தைப் பாலாற்றங்கரையில் நடத்தினால் என்ன ஆகும்?

மேஸ்திரி கரண்டியின் பிடியால் சுவரை இரண்டு தட்டுத் தட்டினார். கெட்டியாக 'டொக்' என்று வர வேண்டிய சத்தம் காலித் தகர டப்பாவைத் தட்டியதுபோல வந்தது. மூன்றாவது தட்டுக்கு உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்டும் பட்டியும் ஒன்றாகக் கழன்று, அப்பளம்போல் தரையில் விழுந்து நொறுங்கின. அவை ஒட்டியிருந்த இடத்தில் வெள்ளை வெளேரென்று பஞ்சு பூத்திருந்தது. விரலால் ஒற்றி நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார் மேஸ்திரி.

"உப்பு தம்பி. செவுரு மொத்தமும் உப்பு. நீ அதுக்கு மேல பவுடர் பூசி வெச்சிருக்கே."

சுவருக்குச் சொந்தக்காரர் என் நண்பரின் தம்பி. ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் டேனரியில் அசார்ட்டர். ஷிப்டு முடிந்து தூக்கம் வராத இரவுகளில் போனில் அமெரிக்க வீட்டு நிகழ்ச்சிகளைப் பார்த்துப் பழகியவர். முதல் காட்சியில் கரையான் அரித்த வீடு. கடைசிக் காட்சியில் வெள்ளைச் சமையலறை, வாசலில் பூந்தொட்டி, திரையில் லாபத் தொகை. விளம்பரத்தோடு சேர்த்து ஒரு மணி நேரம். நாமே செய்துவிடலாம் என்று தோன்றிவிட்டது. சேமிப்பு, மனைவியின் நகை, கொஞ்சம் கடன் எல்லாம் சேர்த்து, சொந்தக்காரப் பெரியவர் காலமானபின் பூட்டிக் கிடந்த ஒரு பழைய சுண்ணாம்புக் கட்டு மெட்ராஸ் டெரஸ் வீட்டை வாங்கினார். பட்டி பார்த்தார், பெயிண்ட் அடித்தார், டைல்ஸ் போட்டார், விற்பனைக்கு வைத்தார். வந்தவர்கள் பார்த்தார்கள், பாராட்டினார்கள், போய்விட்டார்கள். மூன்றாம் மாதம் சுவர் கொப்பளிக்க ஆரம்பித்தது.

அசார்ட்டர் வேலை என்றால் என்னவென்று தெரிந்தவர்களுக்கு இதில் இருக்கும் வேடிக்கை புரியும். முடிந்து வந்த தோல்களை மேஜையில் விரித்து, வெளிச்சத்தில் சாய்த்து, மடித்து, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துத் தரம் பிரிப்பவர் அவர். முள் கிழித்த கோடு, உண்ணி கடித்த புள்ளி, உரிக்கும்போது பட்ட கத்தி வெட்டு, சூடு வைத்த தழும்பு எல்லாம் அந்தக் கட்டைவிரலுக்குத் தெரியும். மேலே எவ்வளவு நிறம் ஏற்றினாலும் தப்பாது. அப்படிப்பட்டவர்தான் சுவரைச் சோதிக்காமலே ஒரு வீட்டை வாங்கினார், பெயிண்டை நம்பியே அதை விற்கவும் பார்த்தார்.

ஏணியில் ஏறியவர்கள்

வீடு வாங்கி விற்கக் கற்றுக்கொடுக்கும் நிகழ்ச்சிகளுக்கு இப்போது கால் நூற்றாண்டு வயது. பிரிட்டனில் சேனல் 4 தொலைக்காட்சி 2001-ல் 'பிராப்பர்ட்டி லேடர்' என்ற தொடரைத் தொடங்கியது. சொத்து ஏணி என்று பொருள். தொகுப்பாளர் சாரா பீனி தானும் வீடுகளை வாங்கிப் புதுப்பித்து விற்றவர். முதன்முதலாக இந்தத் தொழிலில் காலெடுத்து வைப்பவர்களின் வீட்டுக்குப் போவார். சுவரைப் பார்ப்பார், கணக்கைப் பார்ப்பார், செலவைக் குறைக்கச் சொல்வார். புதியவர்கள் பெரும்பாலும் தலையை ஆட்டிவிட்டுத் தங்கள் இஷ்டப்படியே செய்வார்கள். பார்வையாளருக்கு அதில்தான் சுவாரஸ்யம்.

அமெரிக்காவில் 2013-ல் எச்ஜிடிவி ஒளிபரப்பத் தொடங்கிய 'ஃப்ளிப் ஆர் ஃப்ளாப்' இந்த வகையைப் பெரிய வியாபாரமாக்கியது. கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் டாரெக் எல் மூசாவும் கிறிஸ்டினாவும் வீடுகளை வாங்கி, மாற்றி, விற்றார்கள். 2020-ல் டாரெக் தனியாக 'ஃப்ளிப்பிங் 101' என்ற நிகழ்ச்சிக்கு வந்தார். இதில் அவர் வாத்தியார். புதிதாக வீடு வாங்கி விற்பவர்கள் மாணவர்கள். நம் ஊரில் 'சூப்பர் சிங்கர்' மேடையில் குரல் பயிற்சியாளர் இருப்பதுபோல அங்கே சுவருக்கும் தரைக்கும் ஒரு பயிற்சியாளர்.

இந்த நிகழ்ச்சிகள் சொல்வதெல்லாம் தப்பு என்று தள்ளிவிட முடியாது. லாபம் விற்கும்போது வருவதில்லை, வாங்கும் விலையிலேயே இருக்கிறது என்பார்கள். உண்மை. எதிர்பாராத செலவுக்கு ஒரு தொகையை ஒதுக்கி வை என்பார்கள். அதுவும் உண்மை. உன் ரசனைக்குக் கட்டாதே, வாங்கப் போகிறவனுக்குக் கட்டு என்பார்கள். நம் மேஸ்திரிகளும் இதையே வேறு வார்த்தையில் சொல்வார்கள்.

திரை சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. சாரா பீனியின் பேச்சைக் கேட்காதவர்களும் பல வாரங்களில் லாபத்தோடு வெளியே வந்தார்கள். காரணம் அவர்கள் திறமையல்ல. அந்த ஆண்டுகளில் பிரிட்டனில் வீட்டு விலை ஏறிக்கொண்டே இருந்தது. வாங்கிப் பூட்டி வைத்திருந்தாலும் லாபம் வந்திருக்கும். 2008-ல் சரிவு வந்தது. 2009-ல் நிகழ்ச்சியின் பெயரையே மாற்றினார்கள்: 'பிராப்பர்ட்டி ஸ்நேக்ஸ் அண்ட் லேடர்ஸ்'. ஏணியோடு பாம்பும் சேர்ந்துகொண்டது. வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண்விழித்துப் பரமபதம் ஆடிய நம் பாட்டிமார்களுக்கு இது புதுச் செய்தியே இல்லை. ஏணி மட்டும் வரைந்த பரமபதப் படத்தை அவர்கள் பார்த்ததில்லை.

கணினியும் இந்தப் பாம்புக்குத் தப்பவில்லை. அமெரிக்காவின் ஸில்லோ நிறுவனம் கோடிக்கணக்கான வீடுகளின் விலை விவரத்தைக் கையில் வைத்திருந்தது. அதை நம்பி வீடுகளை நேரடியாக வாங்கி, லேசாகச் செப்பனிட்டு விற்கும் தொழிலில் இறங்கியது. 2021 நவம்பரில் கடையை மூடுவதாக அறிவித்தது. அதற்கு முந்தைய ஒரு காலாண்டில் மட்டும் கையிருப்பு வீடுகளின் மதிப்பில் 30 கோடி டாலருக்கு மேல் குறைத்து எழுத வேண்டியிருந்தது. ஊழியர்களில் நான்கில் ஒருவருக்கு வேலை போனது.

புரட்டு என்றொரு சொல்

'ஃப்ளிப்' என்பதற்குத் தமிழில் சொல் தேடினால் முதலில் கைக்கு வருவது 'புரட்டு'. தோசையைப் புரட்டலாம், பக்கத்தைப் புரட்டலாம், அவசரத்துக்குப் பணத்தையும் புரட்டலாம். பெயர்ச்சொல்லாகப் 'புரட்டு' என்றால் ஏமாற்று. மொழி ஏற்கெனவே எச்சரித்து வைத்திருக்கிறது.

நம் ஊரிலும் இந்தப் புரட்டல் உண்டு. ஆனால் வீட்டைத் தொட்டுச் செய்வதில்லை. ஒருவர் மனையையோ வீட்டையோ விலை பேசுவார், அட்வான்ஸ் கொடுப்பார், மூன்று மாதத் தவணையில் அக்ரிமென்ட் போடுவார். அந்த மூன்று மாதத்துக்குள் கூடுதல் விலைக்கு இன்னொருவரைப் பிடித்து, நேராக அவர் பெயருக்கே கிரயம் செய்துகொடுக்கச் சொல்வார். நடுவில் நின்றவர் பெயர் கிரயப் பத்திரத்தில் எங்கும் இருக்காது. 'கைமாற்றி விடுவது' என்பார்கள். ஒரு செங்கல் நகராது, ஒரு டப்பா பெயிண்ட் செலவாகாது. ஆள் கிடைக்காமல் தவணை முடிந்தால் அட்வான்ஸ் போச்சு. அதுதான் இதில் இருக்கும் பாம்பு.

இன்னொரு வழி, 'பவர்' வாங்கி விற்பது. பொது அதிகாரப் பத்திரத்தை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு, அதையே சொத்துபோலக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். அப்படிக் கைமாறுவதால் சொத்துரிமை மாறாது, பதிவு செய்த கிரயப் பத்திரம்தான் உரிமை தரும் என்று 2011 அக்டோபரில் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

நம் தொலைக்காட்சிகளிலும் வீட்டு நிகழ்ச்சிகள் இல்லாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சேனலைத் திருப்பினால் சீரியல் நட்சத்திரம் ஒருவர் கொடி நட்ட பொட்டல் நடுவில் நின்று, பேருந்து நிலையம் ஐந்து நிமிடம் என்று சொல்லிக்கொண்டிருப்பார். போய்வர வண்டி இலவசம், மதியச் சாப்பாடு இலவசம். அந்த நிகழ்ச்சியில் வாத்தியாரும் கிடையாது, மாணவரும் கிடையாது. வாங்குபவர் மட்டும்தான் உண்டு. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டபோது, இலவசச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு மனை வாங்கியவர்கள் பலரும் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

தொழில் தெரிந்தவர்கள் நிறைந்த தமிழ்நாட்டில் வீட்டைப் புதுப்பித்து உடனே விற்பது ஏன் பெரிதாகத் தழைக்கவில்லை? காகிதத்தில் ஒரு கணக்குப் போட்டால் பாதி விடை கிடைத்துவிடும். இது கற்பனைக் கணக்கு. வரி விகிதங்கள் மட்டும் நிஜம்.

ஒரு பழைய வீடு 30 லட்ச ரூபாய். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வையும் மாற்று வரியும் சேர்ந்து 7 சதவீதம். பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரல் முதல் 2 சதவீதம். அதற்கு முன் 4. ஆக 9 சதவீதம், 2.70 லட்சம். மராமத்துக்கு 5 லட்சம். தரகு ஒரு சதவீதம் என்று வைத்தால் 30 ஆயிரம். 20 லட்சம் கடனுக்கு 9 சதவீத வட்டியில் ஆறு மாதத்துக்கு 90 ஆயிரம். மொத்தம் 38.90 லட்சம். வீட்டை 42 லட்சத்துக்கு விற்கிறோம். அதற்கான தரகு 42 ஆயிரம். மிச்சம் 2.68 லட்சம்.

அதுவும் முழுசாகக் கைக்கு வராது. வாங்கிய 24 மாதத்துக்குள் விற்றால் அது குறுகிய கால ஆதாயம். சம்பளத்தோடு சேர்த்து அவரவர் வருமான வரி விகிதப்படி கட்ட வேண்டும். விற்பனை இன்னும் ஆறு மாதம் தள்ளிப்போனால் மேலும் 90 ஆயிரம் வட்டி.

இப்போது வாங்குபவர் பக்கம் பாருங்கள். 42 லட்சத்துக்கு அவரும் 9 சதவீதம் கட்ட வேண்டும், 3.78 லட்சம். ஒரே வீடு ஆறு மாதத்தில் இரண்டு முறை கைமாறியதில் அரசுக்குப் போனது 6.48 லட்சம். வீட்டுக்குப் போனது 5 லட்சம். புரட்டியவருக்குக் கிடைத்தது, வரிக்கு முன், 2.68 லட்சம்.

ஆரஞ்சு கவுண்டியில் சொத்து மாற்று வரி ஆயிரம் டாலருக்கு 1 டாலர் 10 சென்ட். பத்து லட்சம் டாலர் வீட்டுக்கு 1,100 டாலர். அங்கே தரகு அதிகம் என்பது உண்மைதான், விலையில் 5, 6 சதவீதம்வரை போய்விடும். ஆனாலும் அரசாங்கம் வாசலிலேயே பத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வதில்லை. டாரெக்கின் கணக்கு அந்த மண்ணில் போட்ட கணக்கு.

இந்த 9 சதவீதத்துக்குப் பயந்துதான் பலரும் வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம், மீதி ரொக்கம் என்று பேசுகிறார்கள். புதியவர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. சொத்து பேரத்தில் 20 ஆயிரம் ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அதோடு, குறைந்த தொகைக்குப் பத்திரம் போட்டு வாங்கிய வீட்டை நிஜ விலைக்குப் பத்திரம் போட்டு விற்றால், காகிதத்தில் லாபம் ஊதிப் பெரிதாகத் தெரியும். கையில் வராத லாபத்துக்கும் வரி கட்ட வேண்டியதுதான்.

நான்கு மாவட்டத்து வீடு

அமெரிக்க நிகழ்ச்சியில் வீட்டின் உரிமை சரியா என்று பார்க்கும் வேலை திரைக்குப் பின்னால் முடிந்துவிடும். ஆம்பூரில் முழு நிகழ்ச்சியையே அதை வைத்து எடுக்கலாம்.

நம் அசார்ட்டர் வாங்கிய வீட்டின் பத்திரக் கட்டைப் பத்திர எழுத்தர் ஒருவரிடம் கொண்டுபோனோம். மேஜையில் ஒவ்வொன்றாக விரித்தார். தாய்ப் பத்திரத்தில் வட ஆற்காடு மாவட்டம். அடுத்ததில் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். 1989-ல் பிரித்தபோது வைத்த பெயர். அதற்கடுத்ததில் வேலூர் மாவட்டம். கடைசிக் கிரயத்தில் திருப்பத்தூர் மாவட்டம், 2019-ல் பிரித்தது. வீடு ஒரு அங்குலம் நகரவில்லை, நான்கு மாவட்டம் பார்த்துவிட்டது. நடுவில் பழைய சர்வே எண் போய் டவுன் சர்வே எண் வந்திருந்தது. ஒரு பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்து உருதுவில் இருந்தது. எழுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, காலமான சொந்தக்காரரைப் பற்றிக் கேட்டது ஒரே கேள்வி: "அவருக்கு எத்தினி பசங்க? பொண்ணுங்களையும் சேத்துச் சொல்லு."

அந்தக் கேள்விக்குத்தான் மதிப்பு. வில்லங்கச் சான்று என்பது பதிவான பரிவர்த்தனைகளின் பட்டியல். பதிவாகாத உயிலும், கையெழுத்துப் போடாத மகளும், சென்னையிலோ வளைகுடாவிலோ இருக்கும் தம்பியும் அதில் வரமாட்டார்கள். பட்டா வருவாய்த் துறை தருவது, பத்திரம் பதிவுத் துறையில் இருப்பது. இரண்டிலும் பெயரும் அளவும் ஒத்துப்போக வேண்டும். ஏரிப் புறம்போக்கா, ஆற்றுப் புறம்போக்கா, அறநிலையத்துக்கோ வக்ஃபுக்கோ சேர்ந்ததா என்பதும் பார்க்க வேண்டும். இதில் ஒன்று இடறினாலும் வங்கி கடன் தராது. வங்கி தராத வீட்டை வாங்க ரொக்கக்காரர்தான் வருவார். அவர் விலையை அடித்துத்தான் கேட்பார்.

நிஜத்தில் இங்கே பாழடைந்த வீட்டை வாங்கி லாபம் பார்த்த பலரும் சுவரைச் சரி செய்து பார்த்தவர்களல்ல, காகிதத்தைச் சரி செய்து பார்த்தவர்கள். பிரிந்து கிடந்த வாரிசுகளை ஒரே நாளில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வரவழைப்பவர்தான் இங்கே பெரிய கைகாரர். அந்த வேலையைக் கேமராவில் பிடித்தால் பார்ப்பார்களா தெரியவில்லை. ஒரு பெஞ்சு, ஒரு ஃப்ளாஸ்க், பேசிக்கொள்ளாத இரண்டு அண்ணன் தம்பிகள். ஒரு மணி நேரத்தில் முடியாது.

தோல் சொல்லும் பாடம்

மலிவாக வாங்கி மதிப்புக் கூட்டி விற்பது ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் பேரணாம்பட்டுக்கும் ராணிப்பேட்டைக்கும் யாரும் சொல்லித்தர வேண்டிய வித்தையல்ல. ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறவைத்த அரைகுறைத் தோலைக் கப்பலேற்றிய பகுதி இது. 1972-ல் சீதாராமையா குழு, பாதி பதனிட்ட தோலை விற்காமல் முழுத் தோலாகவும் பொருளாகவும் ஆக்கி விற்க வேண்டும் என்று பரிந்துரை செய்தது. அடுத்த ஆண்டு பச்சைத் தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. டேனரிகள் பாதி பதனிட்ட வெட் புளூவிலிருந்து காயவைத்த கிரஸ்டுக்கும், கிரஸ்டிலிருந்து நிறமேற்றி முடித்த ஃபினிஷுக்கும், அங்கிருந்து ஷூவுக்கும் நகர்ந்தன. புதியவர்களுக்குக் கைபிடித்துச் சொல்லிக்கொடுக்க 1948-லேயே சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கியிருந்தது. ஒரு வட்டாரமே சேர்ந்து செய்த மதிப்புக் கூட்டல் அது. அதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

அந்தத் தொழிலில் ஒரு சொல் உண்டு: கரெக்டட் கிரெய்ன். மேல்தோலில் தழும்பு அதிகமாக இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கெட்டியாக நிறம் பூசி, அச்சுத் தகட்டை அழுத்திப் புதிதாக மயிர்க்கால் வடிவத்தைப் பதித்துவிடுவார்கள். பார்க்கக் கண்ணாடிபோல் இருக்கும். ஏமாற்று வேலை இல்லை; அதற்கென்று ஒரு தரம், அதற்கென்று ஒரு விலை. மறைக்காமல் அப்படிச் சொல்லித்தான் விற்பார்கள். வீட்டு நிகழ்ச்சிகள் காட்டுவது பெரும்பாலும் இந்த வேலையைத்தான். தரத்தின் பெயரை மட்டும் சொல்வதில்லை.

இனி உப்புக்கு வருவோம். உரித்த தோல் அழுகாமல் இருக்க அள்ளி அள்ளிப் பூசுவது சாதாரணச் சாப்பாட்டு உப்பு. டேனரிக்கு வந்து ஊறப்போடும்போது அத்தனையும் கழுவிய நீரில் இறங்கும். பதனிடப் பயன்படும் குரோமியத்தைப் பிடித்து நிறுத்த வழிகள் உண்டு. கரைந்த உப்பைப் பிரிப்பது பெரும்பாடு. பல ஆண்டுகள் அந்த நீர் பாலாற்றுப் படுகைக்கும் கிணறுகளுக்கும் போனது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் மைல்கல். கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை அதில்தான் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உறுதியானது. இந்தத் தோல் வட்டாரத்தில் ஏறக்குறைய 35 ஆயிரம் ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுசாகவோ சாகுபடிக்கு உதவாமல் போய்விட்டது என்ற ஆய்வும் அந்தத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீட்டை முழுசாகக் கொடுத்து முடியுங்கள் என்று அதே உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியிலும் உத்தரவு போட வேண்டியிருந்தது.

சுவரில் பூக்கும் உப்பெல்லாம் டேனரி உப்பு என்று சொல்லிவிட முடியாது. செங்கல் மண்ணிலும் ஆற்று மணலிலும் இயல்பாகவே உப்பு இருக்கலாம். ஆனால் உப்பேறிய போர் தண்ணீரில் கலவை போட்டால் சுவரே உப்பைக் குடித்து வளர்கிறது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். மீறினால் கம்பி உள்ளுக்குள் துருப்பிடித்து உப்பி, கான்கிரீட்டைப் பிளக்கும்.

பழைய சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியே ஆவியாகப் போகும். அதன்மேல் சிமென்ட் பூசி, பட்டி பார்த்து, பளபளப்பான பெயிண்டும் அடித்தால் வாயைப் பொத்தியது மாதிரி. ஈரம் வெளியே வர வழியில்லாமல் பெயிண்டுக்குப் பின்னால் நிற்கும். காய்ந்ததும் உப்பு படிகமாகி, உட்கார இடம் வேண்டுமென்று பூச்சைத் தள்ளும். பூச்சை மார்பளவு உயரத்துக்குக் கொத்தி எடுத்துவிட்டு, சுவரை மாதக்கணக்கில் காயவிட்டு, மறுபடி சுண்ணாம்பே பூசுவதுதான் மருந்து என்றார் மேஸ்திரி. ஆறு மாதத்தில் விற்றுவிடுகிற கணக்கில் 'காயவிடு' என்ற வரிக்கு இடமே இல்லை.

வேலூர் கண்ட வழி

ஆம்பூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர்ப் பயணத்தில் வேலூர். அங்கே வீட்டை விற்று லாபம் பார்ப்பதைவிட, வீட்டைக் கூறுபோட்டு வாடகைக்கு விடுவதே பழக்கம். காரணம், ஐடா ஸ்கடர் 1900-ல் தொடங்கிய சிறு மருத்துவமனையிலிருந்து வளர்ந்த சி.எம்.சி. மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு, வங்கதேசம் என்று எங்கிருந்தோ நோயாளியும் கூட வந்தவர்களும் வந்து, நாள் கணக்கில், சில சமயம் மாதக் கணக்கில் தங்குகிறார்கள். காந்தி ரோட்டிலும் பக்கத்துச் சந்துகளிலும் வங்காள எழுத்தில் போர்டுகள். பழைய வீடுகளின் கூடத்தை மறித்து அறைகளாக்கி, மூலையில் ஒரு கேஸ் அடுப்பு, சில பாத்திரங்கள். அவரவர் ஊர்ச் சமையலை அவரவர் செய்துகொள்ளலாம்.

அங்கே அறை தேடி வருபவர் சுவரின் நிறத்தைப் பார்ப்பதில்லை. மாடிப்படி செங்குத்தா, கழிவறை மேற்கத்திய மாதிரியா, கைப்பிடி இருக்கிறதா, வெந்நீர் வருமா, மருத்துவமனை வாசலுக்கு எத்தனை அடி நடக்க வேண்டும் என்று கேட்கிறார். உன் ரசனைக்குக் கட்டாதே என்று அந்த நிகழ்ச்சிகள் சொன்னதை வேலூர்ச் சந்துகள் யாரும் சொல்லாமலே கடைப்பிடிக்கின்றன. இரண்டு முறை 9 சதவீதம் கட்ட வேண்டிய தொல்லையும் இல்லை. வீடு கைவிட்டுப் போகாமல் மாதாமாதம் சோறு போடுகிறது. தங்க வருபவரின் துயரத்தில் ஓடும் தொழில் என்ற உறுத்தல் இதில் இருக்கத்தான் செய்யும். வாடகையை நியாயமாக வைப்பவர்களும் இருக்கிறார்கள், வைக்காதவர்களும் இருக்கிறார்கள்.

இங்கே ஒரு ஷோ எடுத்தால்

அப்படி ஒரு தமிழ் நிகழ்ச்சி வந்தால் நடுவர் நாற்காலியில் யாரை உட்காரவைப்பது? நட்சத்திரங்களை விட்டுவிடலாம். முதல் நாற்காலி பத்திர எழுத்தருக்கு. இரண்டாவது, சுவரைத் தட்டியே வயது சொல்லும் மேஸ்திரிக்கு. மூன்றாவது, போர் தண்ணீரை ஒரு மடக்குக் குடித்தே அந்தத் தெருவின் கதையைச் சொல்லிவிடும் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு. முதல் வாரம் முழுக்க வாரிசுகளைத் தேடலாம். ஒரு வாரம் சுவர் காய்வதை மட்டும் காட்டலாம். விளம்பரதாரர் ஓடிப்போவார். புதியவருக்கு மட்டும் உருப்படியாக ஏதாவது மிஞ்சும்.

நம் அசார்ட்டர் வீட்டை விற்கவில்லை. பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, ஒரு முழுக் கோடையையும் சுவருக்குக் கொடுத்தார். வேலூர் பக்கத்து அக்னி நட்சத்திரம் யாருக்காவது உதவியது என்றால் அந்தச் சுவருக்குத்தான். பிறகு சுண்ணாம்பு. இப்போது ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு குடும்பம் அங்கே வாடகைக்கு இருக்கிறது. நகை இன்னும் முழுசாக மீளவில்லை.

போன மாதம் வீடு வாங்க நினைக்கும் உறவினர் ஒருவருக்காக அசார்ட்டரோடு ஒரு வீட்டைப் பார்க்கப் போனேன். புதுப் பெயிண்ட் வாசனை மூக்கைத் துளைத்தது. தரகர் லைட்டையெல்லாம் போட்டுவிட்டு, மாடுலர் கிச்சனைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். இவர் கிச்சன் பக்கமே போகவில்லை. கூடத்து விளக்கை அணைக்கச் சொன்னார். ஜன்னல் வெளிச்சம் சுவரில் சாய்வாக விழும்படி ஒரு பக்கமாக நகர்ந்து நின்றார். டேனரி மேஜையில் தோலைச் சாய்த்துப் பார்ப்பாரே, அதே சாய்வு. தோலைச் சாய்க்க முடியும், சுவரைச் சாய்க்க முடியாது. அதனால் தலையைச் சாய்த்தார். தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் கட்டைவிரலை வைத்து மெதுவாகத் தேய்த்துக்கொண்டே நாலடி நடந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

என்னைத் திரும்பிப் பார்த்து, தரகருக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"அண்ணே, இது கரெக்டட் கிரெய்னு."